"இங்கே ஓநாய் கிடையாது" என்ற பதில் போதாது

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாண வடகரையின் நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும், அரசுக் கால்நடை மருத்துவர்களுக்கும், வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும்,

கரும்பு வெட்டுத் தொடங்கியதும் ஓநாய்ச் செய்தியும் கிளம்பிவிடுகிறது. டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மங்கலான படங்கள் சுற்றுகின்றன. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வயலோரம் நிற்கிறது, கண்கள் வெளிச்சத்தில் மின்னுகின்றன. யாராவது ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசுகிறார்கள். "தென்னாப்பிரிக்காவில் காட்டு ஓநாயே கிடையாது" என்று பதில் வருகிறது. அத்தோடு சரி.

அந்தப் பதில் உண்மைதான். நாங்களும் எங்கள் மக்களிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஆனால் தொலைபேசியவர் விலங்கியல் பாடம் கேட்கவில்லை. வேலிக்கு வெளியே நிற்பது எது, அது யாருடையது, அதற்கு வெறிநோய் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்கிறார். இந்த மூன்றில் ஒன்றுக்கும் விடை தேடாமல் கோப்பை மூடுவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

முதலில் விலங்கைப் பற்றி. சாம்பல் ஓநாய் வடக்கு அரைக்கோளத்துக்கு உரியது. 2015-இல் மரபணு ஆய்வு தனி இனமெனப் பிரித்துக் காட்டிய ஆப்பிரிக்கப் பொன் ஓநாய், கண்டத்தின் வடக்கிலும் மேற்கிலும் வாழ்கிறது. கிழக்கே தான்சானியாவோடு அதன் எல்லை முடிகிறது. எத்தியோப்பிய ஓநாய் அந்நாட்டு மலைமேடுகளில் மட்டும் உண்டு. நாட்டின் வட எல்லையான லிம்போபோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் காட்டு ஓநாய் எதுவும் இல்லை. ஆகவே கரும்பு வயலோரம் பார்த்தது பெரும்பாலும் நான்கில் ஒன்று: நரி, ஆப்பிரிக்கக் காட்டுநாய், கட்டவிழ்ந்த ஹஸ்கி அல்லது ஷெப்பர்டு வகை நாய், அல்லது ஓநாய் இரத்தம் கலந்த நாய். பெரும்பாலும் இவற்றைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பார்க்கத் தெரிந்த ஓர் ஆளும், நல்ல கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் இருந்தால் முக்கால்வாசிப் புகார்கள் அன்றே தீர்ந்துவிடும்.

கருமுதுகு நரி ஆறிலிருந்து பத்துக் கிலோ எடைதான் இருக்கும். முதுகில் கறுப்பும் வெள்ளியுமாகப் போர்வை, வால் நுனி கறுப்பு. பக்கவரி நரிக்கு வால் நுனி வெள்ளை. பக்கத்தில் அளவு காட்ட ஒன்றும் இல்லாத படத்தில் பத்துக் கிலோ நரி நாற்பது கிலோ விலங்காகத் தெரியும். சொறி பிடித்து முடி உதிர்ந்த நரியோ அடையாளமே தெரியாது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை வயல்களைத் தீயிட்டும் பச்சையாகவும் வெட்டும்போது, ஒளிவிடம் இழந்த நரி, செர்வல் பூனை, மரநாய் எல்லாம் வீடுகளின் ஓரத்துக்கு வந்துவிடுகின்றன. "ஓநாய்" புகார்கள் அந்த மாதங்களில் கூடுவதற்குக் காரணம் இதுதான். வெட்டு அட்டவணையைத் தோட்ட நிர்வாகங்களிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் எந்த வாரம் எந்தத் தெருவிலிருந்து அழைப்பு வரும் என்று நீங்களே கணித்துவிடலாம்.

ஆப்பிரிக்கக் காட்டுநாய் விஷயம் வேறு. பெரிய வட்டக் காது, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் தெளித்த உடல், வெள்ளை வால்நுனி. முன்காலில் நான்கே விரல்கள். வீட்டு நாய்க்கு இருப்பதுபோல் உட்புறம் தரை தொடாமல் தொங்கும் ஐந்தாவது நகம் இதற்குக் கிடையாது. ஷ்லுஷ்லுவே-இம்ஃபோலோசி காப்பகத்தில் இவை உள்ளன. புதுக் கூட்டம் சேர்க்கப் புறப்படும் இளசுகள் வேலி தாண்டி வெகுதூரம் போகக்கூடியவை. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் இது. "ஓநாய் வந்துவிட்டது" என்ற வதந்தியை நம்பி ஆடு வளர்ப்பவர் ஒருவர் துப்பாக்கி எடுத்தால், செத்து விழுவது இந்த அருமையான விலங்காக இருக்கலாம். உங்கள் ஒற்றை வரிப் பதில் அந்தத் துப்பாக்கியைத் தடுக்காது. "அது காட்டுநாயாக இருக்கலாம், சுடாதீர்கள், படமெடுத்து உடனே அனுப்புங்கள்" என்ற வரி தடுக்கும்.

இனி, நீங்கள் பேசவே விரும்பாத நான்காவது வகை.

ஓநாய்க் கலப்பு இந்த நாட்டுக்குப் புதிதல்ல. நிறவெறி ஆட்சிக் காலத்தில் பிரிட்டோரியாவுக்கு அருகே ரூடெபிளாட்டில், கெரில்லாப் போராளிகளின் தடம் பிடிப்பதற்காக ஓநாயை ஜெர்மன் ஷெப்பர்டோடு கலந்து வளர்த்தார்கள். அடக்கி வளர்க்க முடியாத விலங்குகளுக்கென்று ட்ஸிட்ஸிகாமா பக்கம் ஓநாய்ச் சரணாலயமே தோன்றியது. இன்று வாங்குபவர்கள் படை வீரர்கள் அல்லர், சாதாரணக் குடும்பங்கள். விளம்பரத்தில் "எஃப் 1" (முதல் தலைமுறைக் கலப்பு) என்றும் "அறுபது சதவீதம்" என்றும் எண்கள் வருகின்றன. முதல் தலைமுறைக்குப் பின் அந்த எண் வெறும் காகிதக் கணக்கு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே ஒன்றுக்கு ஓநாய்ப் பங்கு கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் இறங்கும். செக்கோஸ்லோவாகிய ஓநாய்நாய், சார்லோஸ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இனங்கள் பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. 1955-இல் தொடங்கிய செக்கோஸ்லோவாகியச் சோதனையிலிருந்து வந்த நாயையும், கொல்லைப்புறத்தில் போன வருடம் கலந்த குட்டியையும் ஒரே பெயரில் விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது.

எங்கள் தடுப்பூசி முகாம்களில் அட்டை எழுதும்போது இந்த நாய்கள் "ஹஸ்கி கலப்பு" என்றே பதிவாகின்றன. உரிமையாளருக்கே தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்ல அஞ்சுகிறார். படிவத்தில் வேறு கட்டமும் இல்லை. எதிர்ப்பக்கத்தில், ஓநாய் என்று சந்தேகப்படுபவற்றில் பெரும்பான்மை வெறும் நாய்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். நீலக் கண் இருந்தால், வால் முதுகின்மேல் சுருண்டால் அங்கே நாய் இரத்தம் பேசுகிறது. நிறம் சாட்சியாகாது, வட அமெரிக்கக் கறுப்பு ஓநாய்களின் கறுப்பே முன்னொரு காலத்தில் நாயிலிருந்து போன மரபணு என்று 2009-இல் கண்டறிந்தார்கள். பார்க்க வேண்டியவை: உடலுக்கு மீறிய நீண்ட கால்கள், குறுகிய மார்பு, உள்ளே ஒட்டிய முழங்கைகள், மிகப் பெரிய பாதங்கள், நேராகத் தொங்கும் வால். தடத்திலும் தெரியும். ஓநாய் ஓடும்போது பின்கால் முன்கால் தடத்திலேயே விழுந்து நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் போகும். வீட்டு நாய் முகர்ந்து முகர்ந்து வளைந்து போகும். நரியின் தடம் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். ஓநாய்க்குப் பத்துக்கு மேல். ஆனாலும் பெரிய இன நாய்களின் தடமும் அந்த அளவுக்கு வரும் என்பதால், ஒற்றைத் தடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மரபணுச் சோதனையும் மூன்று தலைமுறைக்கு முந்தைய கலப்பை நம்பகமாகக் காட்டாது. இதனால்தான் பிறப்புப் பதிவு வேண்டும் என்கிறோம். விலங்கைப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிடப் பிறந்தபோதே எழுதி வைப்பது எளிது.

எங்களை உறங்கவிடாதது வெறிநோய். 1976-இல் மொசாம்பிக் பக்கமிருந்து இந்த மாகாணத்துக்குள் மீண்டும் நுழைந்த நாய் வெறிநோய் இன்னும் வெளியேறவில்லை. அறிகுறி தோன்றியபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. நாய்களுக்கான விதி தெளிவாக இருக்கிறது: மூன்று மாதத்தில் முதல் ஊசி, அதன்பின் முப்பது நாளுக்குக் குறையாமல் ஓராண்டுக்குள் இரண்டாவது, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை. கலப்புக்கு? அமெரிக்காவில் ஓநாய்க் கலப்புக்கென்று உரிமம் பெற்ற வெறிநோய் ஊசி இல்லை என்று அந்நாட்டுப் பொதுநலக் கால்நடை மருத்துவர்களின் வழிகாட்டி சொல்கிறது. நாயும் ஓநாயும் ஒரே இனத்தின் இரு கிளைகள் என்பதால் நாய் ஊசி வேலை செய்யும் என்றே மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். போடாமல் விடுவதைவிடப் போடுவதே மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. உரிமையாளர் கலப்பு என்று வாய்திறந்தால் ஊசி மறுக்கப்படும் என்ற பயம் நிலவினால் அவர் வாய்திறக்கமாட்டார், முகாமுக்கும் வரமாட்டார்.

கடி நேர்ந்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. நாய் கடித்தால் அதைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்கிறோம். நலமாக இருந்தால் கடித்த அன்று எச்சிலில் கிருமி இல்லை என்று முடிவுசெய்து, கடிபட்டவருக்கு மீதமுள்ள ஊசிகளை மருத்துவர் நிறுத்தலாம். இந்தப் பத்து நாள் கணக்கு நாய், பூனை போன்ற வீட்டு விலங்குகளில் ஆராய்ந்து வகுத்தது. கலப்பில் அப்படி ஆராய்ந்து நிறுவப்படவில்லை. அட்டையில் "ஹஸ்கி கலப்பு" என்று இருந்தால் மருத்துவமனையில் பணியில் இருக்கும் மருத்துவருக்கு இது எப்படித் தெரியும்? தெரியாமலே ஊசியை நிறுத்துவார். ஒரு கட்டம் இல்லாத படிவத்தின் விலை ஓர் உயிராக இருக்கக்கூடாது.

எந்த விலங்கு கடித்தாலும் செய்ய வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறோம். மடலைப் படிப்பவர் அதிகாரிகள் மட்டும் அல்லர். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பவேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தோல் கிழிந்திருந்தால், அல்லது எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் நோயெதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும் என்று கேளுங்கள். காயம் இருந்தால் அதைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். தடுப்பூசி உடனே ஒன்று, அதிலிருந்து மூன்று, ஏழு, பதினான்கு நாள் கழித்து ஒவ்வொன்று என நான்கு முறை; பெரியவர்களுக்குத் தோள்பட்டையில், சிறு குழந்தைகளுக்குத் தொடையில், ஒருபோதும் பிட்டத்தில் அல்ல. சந்தேக விலங்கு கொல்லப்பட நேர்ந்தால் தலையில் சுடவோ அடிக்கவோ கூடாது. நோயைச் சோதிக்க மூளைதான் வேண்டும். அது சிதைந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள அல்லர்ட்டன் ஆய்வுக்கூடத்தாலும் உதவ முடியாது. பகலில் பயமில்லாமல் முற்றத்துக்கு வரும் நரியை வெறிநோய் நரி என்றே எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு அரசுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1984-ஆம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டத்தின்படி இதைத் தெரிவிப்பது கடமை.

காட்டுக்கும் இது ஆபத்து. 1997-இல் மடிக்வே காப்பகத்தில் வெறிநோய் புகுந்து காட்டுநாய்க் கூட்டத்தை அழித்தது. வீட்டு நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் காட்டுநாய்களுக்குப் பரவும். ஐரோப்பாவில் கலப்பைப் பற்றி எழுதுபவர்கள் காட்டு ஓநாயின் மரபுத் தூய்மை கெடுவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். 2014-இல் ஐரோப்பிய வனவிலங்குப் பாதுகாப்புக்கான பெர்ன் உடன்படிக்கையின் குழு அதற்கென்றே தனிப் பரிந்துரை கொண்டுவந்தது. இங்கே காக்க வேண்டிய ஓநாய் இல்லை. ஆப்பிரிக்கக் காட்டுநாய் தனிப் பேரினம், நாயோடு கலக்காது. நமக்குக் கவலை இரத்தக் கலப்பு அன்று, தொற்று. அந்த ஐரோப்பியக் கட்டுரைகளை அப்படியே பகிர்ந்து மக்களைக் கலவரப்படுத்துபவர்களிடமும் இதைச் சொல்லிக்கொள்கிறோம்.

விலங்கு தப்புவது ஏன் என்பதும் தெரிந்த விஷயமே. எங்கள் தெருக்களில் சிமெண்ட் பலகைச் சுவர் ஆறடிதான் இருக்கும். அடியில் அஸ்திவாரம் ஆழமில்லை. கலப்பு விலங்கு தாண்டும், அதைவிட அதிகமாகத் தோண்டும். அதற்கு வேண்டிய வேலி 2.4 மீட்டர் உயரம், மேலே உட்புறம் சாய்ந்த விளிம்பு, அடியில் உட்பக்கமாக ஒரு மீட்டர் அகலத்துக்குத் தரையோடு படுக்க வைத்துப் புதைத்த கம்பிவலை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவுகள். மின்வேலி துணைக்கு மட்டும். நீண்ட மின்வெட்டில் மின்கலம் இறங்கியதும் அது வெறும் கம்பி. ஆண்டுதோறும் தீபாவளி வெடியும் நவம்பர் 5-ஆம் தேதி கை ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் வழக்க நாளின் வெடியும் அடுத்தடுத்து வருகின்றன. சாதாரண நாயே சுவரேறிக் குதிக்கும் இரவுகள் அவை. நம் பண்டிகையால் வரும் ஆபத்தில் நம் பங்கை நாம் ஏற்கவேண்டும்: அந்த இரவுகளில் நாயை அறைக்குள் பூட்டி, கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் கட்டுங்கள் என்று கோயில்கள் தோறும் நாங்கள் அறிவிக்கிறோம். உங்கள் பங்கு எங்கே என்று கேட்கும் உரிமை அதனால் எங்களுக்கு உண்டு.

இன்னொன்று. குட்டியாக இருக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. ஓநாய்க்குட்டி மனிதரோடு பழகும் பருவம் நாய்க்குட்டியைவிட முன்பே, இரண்டு வாரத்திலேயே தொடங்கிச் சீக்கிரம் முடிந்துவிடும். எட்டு வாரத்தில் வாங்கி வருபவருக்கு அந்தக் கதவு அநேகமாகச் சாத்தியாகிவிட்டது. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் முதிர்ச்சி வரும்போது பிடிவாதமும், ஓடும் சிறு உருவங்களைத் துரத்தும் வேகமும் வெளிப்படுகின்றன. ஆடு, கோழி, ஓடி விளையாடும் குழந்தை. கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். சட்டம் உரிமையாளரை விடாது: 1993-ஆம் ஆண்டு விலங்கு விவகாரத் திருத்தச் சட்டத்தின்படி, கவனக்குறைவால் தன் விலங்கு ஒருவரைக் காயப்படுத்தினால் அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை. வெளியாள் கதவைத் திறந்துவிட்டாலும் நாய்க்காரரே பொறுப்பு என்று 2020-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. நீங்களாவது சொல்லலாம்.

ஒட்டுமொத்தத் தடையை நாங்கள் கேட்கவில்லை. 2022-இல் பிட்புல் தடைக்கான குரல் எழுந்தபோது நாய்கள் கூட்டம் கூட்டமாகக் கைவிடப்பட்டதையும் வதைக்கப்பட்டதையும் பார்த்தோம். தடை என்றதும் முதலில் மறைவது தடுப்பூசி அட்டை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

கலப்பு என்றால் என்ன என்பதற்கு எழுத்தில் ஒரு வரையறை தாருங்கள். புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கை கடைசி நான்கு தலைமுறையைக் கணக்கில் எடுக்கிறது. தென்னாப்பிரிக்கா 1975 முதல் அதன் உறுப்பினர். பிரிட்டனில் முதல் இரண்டு தலைமுறைக்கு உரிமம் கட்டாயம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது காரணம் சொல்லி வேறொன்றை வையுங்கள். வரையறை இல்லாமல் இருப்பது மட்டும் கூடாது.

வெறிநோய்த் தடுப்பூசி அட்டையிலும் கடி அறிக்கையிலும் "ஓநாய்க் கலப்பு: உண்டு, சந்தேகம், இல்லை" என்று ஒரு கட்டம் சேருங்கள். அதை "உண்டு" என்று குறிப்பவருக்குத் தண்டனை இல்லை, ஊசி மறுப்பும் இல்லை என்று முகாம் வாசலில் எழுதி ஒட்டுங்கள். ஓராண்டு மன்னிப்புக் காலம் அறிவித்து, மைக்ரோசிப்பும் கருத்தடையும் இலவசமாகச் செய்துகொடுங்கள். அதற்குப்பின் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் தாய் தந்தை விவரத்தோடு பதிவு கட்டாயமாகட்டும். பதிவு எண் இல்லாத விளம்பரம் குற்றமாகட்டும்.

கலப்பு கடித்தால் பத்து நாள் கண்காணிப்பை நம்பி ஊசியை நிறுத்தவேண்டாம் என்று பொது மருத்துவமனைகளுக்கு எழுத்துச் சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் பணம் தேவையில்லை. இந்த வாரமே செய்யலாம்.

பார்வைப் புகாருக்கு ஒரே தொலைபேசி எண், ஒரே படிவம் வேண்டும். நேரம், இடம், வால் நுனியின் நிறம், காதின் வடிவம், கழுத்தில் பட்டை இருந்ததா, தடத்தின் பக்கத்தில் ஐந்து ராண்ட் நாணயம் வைத்து எடுத்த படம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒருவர் திரும்ப அழைத்து, அது எது என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். அறிவிப்புகள் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் வரட்டும். தமிழில் எழுதிக்கொடுக்கும் வேலையை நாங்கள் ஏற்கிறோம்.

பறிமுதலாகும் அல்லது ஒப்படைக்கப்படும் கலப்புகளுக்கு, மேலே சொன்ன அளவுகளில் வேலியிட்ட ஓர் இடமாவது வடகரையில் ஒதுக்குங்கள். இடமில்லாவிட்டால் பிடிக்கும் அதிகாரிக்கு ஊசி போட்டுக் கொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது. அது தெரிந்தால் எந்த உரிமையாளரும் தானாக முன்வரமாட்டார்.

இந்த ஐந்துக்கும் தனித்தனியே எழுத்தில் பதில் வேண்டும். முடியும் என்றால் எந்தத் தேதிக்குள் என்றும், முடியாது என்றால் எந்தச் சட்டப்பிரிவு தடுக்கிறது என்றும் குறிப்பிடுங்கள். வரும் தீபாவளிக்கு முப்பது நாள் முன்னதாக அந்தப் பதில் எங்களுக்குக் கிடைக்கவேண்டும்.

இப்படிக்கு,
டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ் பகுதிகளின் நாய்த் தடுப்பூசி முகாம்களில் பணிபுரியும் தமிழ்த் தன்னார்வலர்கள்